குப்பை மேட்டில் நண்டு திரும்பியது! ஆற்று வாய் அடைபட்டால் என்ன ஆகும்?

பட்டினப்பாக்கத்திலிருந்து அடையாறு போகிற பஸ்ஸில் தினமும் போகிறோம். வழியில் மதிலுக்கு உள்ளே ஒரு காடு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

58 ஏக்கர். ஒரு காலத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்கிய உப்பங்கழி. பிறகு இடித்த கட்டிடங்களின் செங்கல், ஜல்லி, குப்பை எல்லாம் அங்கேதான் கொட்டினார்கள். சாக்கடையும் சேர்ந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதையெல்லாம் தோண்டி அள்ளி, செடி நட்டு, 2011 ஜனவரியில் பூங்காவாகத் திறந்தார்கள்.

செடி நட்டது மனுஷன்தான். ஆனால் அதனால் மட்டும் காடு வந்துவிடவில்லை. இடிபாட்டை எடுத்துப் பள்ளமாக்கியதும், கடல் ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் மறுபடி உள்ளே வந்தது. உப்புச் சேற்றில் எல்லாச் செடியும் நிற்குமா? உமிரி நிற்கும். கண்டல் மரம் நிற்கும். கண்டல் மரத்தின் வேர், சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடும். அதன் நடுவே இலை உதிர்ந்து அழுகும். அதைத் தின்ன நண்டு வரும். மீன் குஞ்சு ஒளிந்துகொள்ள வரும். பின்னாலேயே கொக்கு, மீன்கொத்தி. கொக்கை யாரும் டெண்டர் விட்டுக் கொண்டு வரவில்லை!

இத்தனையும் ஆற்றின் வாயை நம்பி நிற்கிறது. அங்கேதான் வம்பு.

கோடையில் அடையாற்றில் ஓட்டம் குறைகிறது. சீனிவாசபுரம் அருகே அலை மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடுகிறது. அப்புறம் கடல் தண்ணீர் உள்ளே வராது, சாக்கடை வெளியே போகாது. தேங்கிய தண்ணீரில் மூச்சுக் காற்று தீர்ந்துபோகும். மீன் செத்து மிதப்பதை அடையாறு ஒரு தடவைக்கு மேலேயே பார்த்திருக்கிறது.

பொக்லைன் வைத்து வெட்டுகிறார்கள். மணல் திரும்பவும் சேருகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வாயை ஒரேயடியாகத் திறந்துவிட்டது. அதற்காக வருஷா வருஷம் வெள்ளம் வரட்டும் என்று வேண்டிக்கொள்ள முடியுமா?

மரம் நடும் போட்டோக்கள் நிறைய வருகின்றன. நடட்டும், நல்லதுதான். ஆனால் மழைக்கு முன்னால், வெள்ளத்துக்குப் பயந்து மட்டும் மணலை வெட்டினால் போதாது. நண்டுக்கும் கண்டலுக்கும் தண்ணீர் தேவைப்படுவது சித்திரை, வைகாசியில். அப்போதும் பொக்லைன் அங்கே நிற்க வேண்டும்.