காய்ச்சலை மறைக்கும் நிலை வேண்டாம்

கோவிட் பரவிய காலத்தில், 2020 நவம்பர் 5ஆம் தேதி, பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளுக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. நோய் அறிகுறி உள்ள மாணவரை விடுதியில் தங்க அனுமதிக்கக் கூடாது என்றது. அவர்களைத் தனியே வைக்க வசதி செய்யவும் சொன்னது. முதலாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டாவதற்குத்தான் இடமும் ஆளும் பணமும் வேண்டும்.

திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் என உயர்கல்வி நிலையங்கள் பல உள்ளன. சந்திரகிரியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் மாணவர்களும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்குவோரும் உண்டு. காய்ச்சல் என்றதும் பெட்டியைக் கட்டச் சொன்னால் எந்த மாணவன் வாய் திறப்பான்? மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்பில் உட்காருவான். மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், தொற்றைத் தடுக்காது. ஊருக்கு அனுப்பினாலோ, பஸ்ஸில் உள்ளவர்களுக்கும் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் ஆபத்து.

இடமில்லை என்று சொல்வதற்கில்லை. 2020இல் திருச்சானூரில் தேவஸ்தானத்தின் பத்மாவதி நிலையமே கோவிட் பராமரிப்பு மையமாக மாற்றப்பட்டது. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்கலாகாது. விடுதிதோறும் நோயுற்றோருக்கென இரண்டு அறைகளும் தனிக் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும். சாப்பாடு அறை வாசலுக்கே வர வேண்டும். நோயால் வராத நாளுக்கு வருகைப் பதிவில் கை வைக்கக் கூடாது. மாணவன் அச்சமின்றி உண்மையைச் சொன்னால்தான் மற்ற தடுப்பு முறைகளும் பயன் தரும். இதை நிர்வாகிகள் உணர்வார்களா?