ஹோவர்ட் துரையின் எருக்குழி

இயற்கை விவசாயம் பற்றி எந்த ஊரில் கூட்டம் நடந்தாலும் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர் ஒரு தடவையாவது அடிபடும். இயற்கை உரத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவார்கள். ரசாயன உரம் கூடாது என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். போற்றுவதில் தவறில்லை. ஆனால் அவர் இந்த நாட்டில் 26 ஆண்டுகள் என்ன வேலை செய்தார், எதைச் செய்து அந்தப் பெயரை வாங்கினார் என்று கேட்டால் பதில் சொல்கிறவர்கள் குறைவு. இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் கொட்டிலில் ஒரு பசுவும் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒதுக்கிவிட வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாலை போட்டுவிட்டு வருவதால் பயன் இல்லை.

ஹோவர்ட் 1873ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1899ல் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோசுக்குப் பூஞ்சாண நோய் நிபுணராகப் போனார். கரும்புக்கு வரும் நோய்களை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஆராய்வதும், தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வதும் அவர் உத்தியோகம். அங்கேதான் அவருக்கு ஒரு உறுத்தல் ஏற்பட்டது. பயிர் செய்ய அவருக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது. தான் சொல்லும் யோசனையைத் தானே செய்து பார்க்க வழியில்லாதவன் பிறருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்ளாமலே ஓய்வு பெறுகிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

1905ல் பீகாரில் உள்ள பூசாவுக்கு அரசின் தாவரவியல் நிபுணராக வந்தார். கர்சன் பிரபு காலத்தில் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையம் அது. 1934ம் ஆண்டு பூகம்பத்தில் கட்டிடம் சேதமடைந்தபின் நிலையம் டில்லிக்குப் போயிற்று. டில்லியில் இன்றும் அந்த இடத்துக்குப் பூசா என்றே பெயர். ஹோவர்ட் அங்கே வந்ததும் நிலம் கேட்டார். 75 ஏக்கர் கிடைத்தது. தன் காளைகளை வைத்து, தன் பொறுப்பில் பயிர் செய்து பார்க்கத் தொடங்கினார்.

சுற்று வட்டாரக் குடியானவர்களின் வயல்களை அவர் கவனித்தார். மருந்து அடிக்காமல், மூட்டை உரம் வாங்காமல் அவர்கள் பயிர் பெரும்பாலும் நோயின்றி நின்றது. தானியத்தோடு பயறும் துவரையும் கலந்து விதைப்பதில் ஒரு கணக்கு இருந்தது. படித்த துரை படிக்காத குடியானவனிடம் பாடம் கேட்டார். பூச்சியையும் நோயையும்கூட அவர் ஆசிரியராகவே வைத்துக்கொண்டார். பயிரில் பூச்சி விழுந்தால் முதலில் மருந்தைத் தேடாமல், மண்ணில் காற்றோட்டம் இருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா, ரகம் அந்த மண்ணுக்கு ஏற்றதா என்று பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. அவுரிச் செடி வாடியபோது வேரைத் தோண்டிப் பார்த்து, நீர் தேங்கி மண்ணில் காற்று புகாததுதான் மூலம் என்று சொன்னவர் அவர். மஞ்சள் பூத்த பயிரைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுகிற இந்தக் காலத்தில், முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கும் பழக்கம் ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாலும் செலவில் கொஞ்சம் மிச்சம்.

இன்னொரு விஷயம் அடிக்கடி மறைந்துவிடுகிறது. ஹோவர்ட் விதை ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர். பூசா 4, பூசா 12 போன்ற கோதுமை ரகங்கள் அவர் உழைப்பில் வந்தவை. வட நாட்டில் பரவலாகப் பயிரானவை. ஆகவே புதிய ரகம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஹோவர்டைத் துணைக்கு அழைக்க முடியாது. நல்ல விதை வேண்டும், ஆனால் விதையை மட்டும் மாற்றிவிட்டு மண்ணை அப்படியே விட்டால் கிடைக்கும் லாபம் சிறிது என்பதே அவர் கட்சி.

அந்தக் கோதுமை வேலையில் பாதி அவர் மனைவி கேப்ரியேலுடையது. கேம்பிரிட்ஜில் தாவரவியல் ஆராய்ச்சி செய்த அந்த அம்மாள், 1913ல் அரசின் இரண்டாவது தாவரவியல் நிபுணராகப் பதவியே பெற்றவர். இருவரும் சேர்ந்து எழுதிய இந்தியக் கோதுமை பற்றிய நூல் 1909ல் வந்தது. 1930ல் அவர் காலமானார். தந்தை பட்டம் ஒருவருக்கே போயிற்று.

பூசாவில் ஒரு சங்கடம் இருந்தது. விதைக்கு ஒரு பிரிவு, பூச்சிக்கு ஒரு பிரிவு, மண்ணுக்கு ஒரு பிரிவு. வயலில் எல்லாம் ஒன்றாகக் கிடப்பதை அலுவலகத்தில் துண்டு போட்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் ஹோவர்ட் 1924ல் இந்தூருக்குப் போனார். பருத்தி ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு நிலையம் ஏற்பட்டது. சுமார் 300 ஏக்கர் கரிசல் நிலம். மழை பெய்தால் ஒட்டும், வெயில் அடித்தால் வெடிக்கும். அந்த மண்ணைப் பண்படுத்த எரு வேண்டும். எருவுக்குச் சாணம் வேண்டும். சாணத்தின் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போய்விடுகிறது. இந்தச் சிக்கலுக்கு விடை தேடியதில் பிறந்ததுதான் இந்தூர் முறை.

எஃப்.எச். கிங் என்ற அமெரிக்கர் சீன, ஜப்பானிய விவசாயிகள் கழிவு எதையும் வீணாக்காமல் எருவாக்குவதைப் பார்த்து எழுதிய நூல் 1911ல் வெளிவந்திருந்தது. அது ஹோவர்டுக்கு வழி காட்டியது. அவரும், அவருடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியல் நிபுணரும் சேர்ந்து முறையை வகுத்தார்கள். குழி 30 அடி நீளம், 14 அடி அகலம். ஆழம் இரண்டு மூன்று அடிக்கு மேல் போகக் கூடாது. ஆழமானால் அடியில் காற்றுப் போகாது. மழைக் காலத்தில் குழி கூடாது, தரைக்கு மேல் குவியலாகப் போட வேண்டும். ஐப்பசி மழையில் குழி குளமாகும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குழியில் போடுவது பெரும்பாலும் செடி கொடிக் கழிவு. களை, சருகு, தட்டை, கரும்புச் சோகை, பருத்திமார், எதுவும் ஆகும். மூன்று நான்கு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு சாணம் போதும். சாணத்தைக் கரைத்துத் தெளிக்க வேண்டும். கூடவே அடுப்புச் சாம்பலும் கொட்டில் மண்ணும் தூவ வேண்டும். மாட்டின் மூத்திரத்தை வீணாக்காமல் பிடிக்க அவர் சொன்ன வழி மிகச் சுலபமானது. கொட்டில் தரையில் மண்ணைப் பரப்பி, அது நன்றாக ஊறியபின் வெட்டியெடுத்து எருக்குழியில் சேர்ப்பது. பருத்திமார் போல முரட்டுத் தண்டு இருந்தால் வண்டிப் பாதையில் பரப்பிவிட வேண்டும். வண்டிச் சக்கரமே நசுக்கிக் கொடுக்கும். பிறகு ஈரம் குறையாமல் பார்த்து, இரண்டு மூன்று தடவை கிளறிப் புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் எரு தயார்.

கொஞ்சம் சாணத்தை உறை மோர் போல வைத்து நிறையக் கழிவை எருவாக்குவதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஒரே பசு வைத்திருப்பவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பழைய குப்பைமேட்டில் சாணம் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, சத்தில் பாதி தெருவோடு போகிறது. பயிர்க் கழிவை வயலிலேயே தீ வைத்துக் கொளுத்துகிறார்கள். இரண்டையும் ஒன்று சேர்த்தால் போதும் என்று காட்டியவர் அவர். 1931ல் ஹோவர்டும் வாடும் சேர்ந்து விவசாயக் கழிவுப் பொருள்கள் பற்றிய நூலை வெளியிட்டார்கள். குழி அளவு, ஆள் வேலை, தண்ணீர் எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய நூல்களில் சிறு விவசாயிக்கு உண்மையில் உதவுவது இதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கென்யாவின் காப்பித் தோட்டங்கள் வரை இந்த முறை பரவிற்று.

அதே ஆண்டில் அவர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1934ல் சர் பட்டம் கிடைத்தது. அதன்பின் அவர் எழுத்தாளராகவும் பிரசாரகராகவும் மாறினார். விவசாய சாசனம் என்று பொருள்படும் அவரது பெரிய நூல் 1940ல் வந்தது. 1942ல் அமெரிக்காவில் ரோடேல் என்பவர் தொடங்கிய இயற்கை விவசாய மாத இதழுக்குத் துணை ஆசிரியராகப் பெயர் கொடுத்தார். 1945ல் இன்னொரு நூல். 1947ல் காலமானார்.

இந்தப் பிற்காலத்தில் நம் பக்கத்துச் சோதனை ஒன்றும் அவர் கூட்டாளிகளுக்குப் பலம் கொடுத்தது. கோயம்புத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனைப் பாத்திகளில் விளைந்த தானியத்தை, குன்னூரில் ஊட்ட ஆராய்ச்சி நடத்திய மெக்காரிசன் என்ற டாக்டரும் விசுவநாத் என்ற வேதியியல் நிபுணரும் சோதித்து, தொழு உரத்தில் விளைந்ததே ஊட்டத்தில் மேல் என்று 1926ல் எழுதினார்கள். 1939ல் இங்கிலாந்தின் க்ரூ நகரில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் மெக்காரிசனும் ஹோவர்டும் ஒரே மேடையில் பேசினார்கள். மண் நன்றாயிருந்தால் பயிர் நன்றாயிருக்கும், பயிர் நன்றாயிருந்தால் மாடும் மனிதரும் நன்றாயிருப்பார்கள் என்பது அன்று முன்வைத்த வாதம்.

அடிப்படை சரி. ஆனால் வயலை விட்டு மேடைக்கு வந்தபின் ஹோவர்டின் பேச்சு அவர் சோதனையைத் தாண்டிப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். பூசாவில் தன் காளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கை உரசியும் நோய் தொற்றவில்லை என்று அவர் எழுதினார். நடந்திருக்கலாம். ஆனால் அதை நம்பி இன்று யாராவது தடுப்பூசி போடாமல் இருந்தால் கொட்டில் காலியாகும். நல்ல தீனி மாட்டுக்குத் தெம்பு கொடுக்கும், கோமாரிக் கிருமியைத் தடுத்து நிறுத்தாது. அதுபோலவே நல்ல எரு இட்ட பயிருக்கு நோயே வராது என்பதும் மிகையான பேச்சு. நோய் குறையும் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ரசாயன உரம் அடியோடு வேண்டாம் என்ற அவருடைய கடைசிக் காலக் கட்சியையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. சாதாரணத் தொழு உரத்தில் டன்னுக்கு 5 கிலோ. நன்றாகத் தயாரித்த எருவில் இன்னும் கொஞ்சம் கூடும். அதிலும் முதல் வருஷமே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். ஆக, ஏக்கருக்கு 5 டன் போட்டாலும் ஒரு மூட்டையளவு தழைச்சத்துதான். எருவின் பெருமை மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, மற்றச் சத்துக்களையும் கொடுப்பதில் இருக்கிறது. இரண்டையும் அளவோடு சேர்த்து இட்ட நிலமே நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது என்பது நாட்டின் பல நீண்டகால உரச் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. எரு இட்ட அளவுக்கு மூட்டையைக் குறைக்கலாம். ஒரே போகத்தில் மூட்டையை முழுக்க நிறுத்திவிட்டு மகசூலை இழந்தவர்கள், எருவின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள். இயற்கை விவசாயத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

மீதியிருப்பது ஆள் பிரச்சினை. ஹோவர்ட் காலத்தில் காளையும் ஆளும் தாராளம். இன்று டிராக்டர் வந்து காளை போய்விட்டது. குழியைக் கிளறக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்று விவசாயி கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிளற ஆள் இல்லாதவருக்கு பெங்களூர் முறை என்ற ஒன்று இருக்கிறது. 1939ல் சி.என்.ஆச்சார்யா வகுத்தது. அடுக்கி, மேலே சேறு பூசி மூடிவிட்டால் போதும், கிளற வேண்டாம். ஆனால் எட்டு மாதம் வரை காத்திருக்க வேண்டும். சித்திரையில் எரு வேண்டுமென்றால் ஆவணியிலேயே குழியை மூடியிருக்க வேண்டும்.

அரசுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. யூரியா மூட்டைக்கு வாங்குகிற இடத்திலேயே மானியம் கிடைத்துவிடுகிறது. குழி வெட்டுவதற்குக் கூலி கொடுத்த திட்டங்களும் உண்டு. அதை நிரப்பி, தண்ணீர் தெளித்து, புரட்டிப் போடும் வேலைக்குக் கூலி கொடுக்கும் திட்டம் அரிது. அதனால்தான் வெட்டிய குழிகள் பல ஊர்களில் முள் முளைத்துக் கிடக்கின்றன. ஒரு டன் மக்கிய எருவுக்கு இவ்வளவு என்று, எடுத்து அளந்து பார்த்தபின் அந்த விவசாயிக்கே பணம் கொடுத்தால், அடுத்த தை மாதத்துக்குள் எத்தனை குழி நிரம்புகிறது என்று பார்க்கலாம்.