எச்சில் முள்ளங்கி மீண்டும் மேஜைக்கு! கேமராவில் அம்பலம்

தென் கொரியாவின் பூசான் நகரம். 2021 மார்ச் மாதம். பன்றிக்கறி சூப்பும் சோறும் விற்கும் ஒரு ஓட்டலில், சாப்பிட வந்த ஆசாமி அதை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். கேமரா வேறொன்றையும் பிடித்தது. மேஜையில் மிஞ்சிய முள்ளங்கிக் கிம்ச்சியை ஊழியர் திரும்பவும் பாத்திரத்திலேயே கொட்டினார்! பார்த்த ஜனங்கள் விடுவார்களா? கடைக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கொரிய ஓட்டல்களில் தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்துக்குத் தனிக் காசு கிடையாது. நம்ம ஊர் சட்னி மாதிரி, கேட்டால் மறுபடி வரும். அங்கேதான் சபலம்! 2009 முதல் சட்டம் கடுமை: மிச்சத்தைப் பரிமாறினால் முதல் தடவையே 15 நாள் பூட்டு.

தப்பு பண்ணாமலே மிச்சம் பிடிக்க வழி இருக்கு. மூடி போட்ட ஜாடியை மேஜையில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கச் சொன்னால் குற்றமில்லை. கறியைச் சுற்றிச் சாப்பிடும் பச்சை இலையையும் கழுவி மறுபடி வைக்கலாமாம். நமக்கு மனசு வருமா?