‘ஆபத்து இரண்டு மடங்கு’ என்று செய்தி வந்தா, முதலில் எதைப் பார்க்கணும்?

1995 அக்டோபர். மூன்றாம் தலைமுறை கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகும் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. டிவி, பேப்பர் எல்லாம் அதையே சொல்ல, பயந்துபோன பல பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, இரண்டு மடங்குன்னா எவ்வளவு? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் சுமார் ஒருவருக்கு ரத்த உறைவு வந்தது. புதிய வகையில் 7,000-க்கு இருவர். 100 சதவீத உயர்வு என்பது பொய்யில்லை. ஆனால் எதிலிருந்து எதற்கு உயர்ந்தது என்பது தலைப்புகளில் இல்லை.

அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. இத்தனைக்கும், ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையைவிடக் கர்ப்ப காலத்தில்தான் அதிகம்!

2015-லும் இதே கதை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. பிரிட்டன் கணக்கில் பார்த்தால், வாழ்நாளில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு வருவது 7 ஆகும்.

விளம்பரத்திலும் இந்த வித்தை உண்டு. 100 பேரில் 2 பேருக்கு வரும் நோய் ஒருவராகக் குறைந்தாலே ‘50% பாதுகாப்பு’ன்னு போட்டுக்கலாம்.

ஆய்வுக் கட்டுரை முழுக்கப் புரியணும்னு இல்லை. பப்மெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுருக்கத்தில் மூணு விஷயம் தேடினால் போதும்: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, யாரோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம். ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவர்களுக்கு அந்த 7,000 கணக்கு பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம்தான் கேட்கணும்.