ஒரே தொழிலை நம்பலாமா?

அயனம்பாக்கம் ஏரிக்கரை ஊர். ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த ஊர். 1960-களில் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் லேத் பிடித்தார்கள். மாதச் சம்பளம் வந்தது. ஓட்டு வீடு மாடி வீடு ஆயிற்று.

தொழில் வந்தால் ஊர் வளரும். ஆனால், ஒரே தொழிலை நம்பினால்?

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே லங்காஷயர் பகுதி முழுவதும் பருத்தி மில்கள். மான்செஸ்டர் துணி உலகெங்கும் விற்றது. ஆனால், அங்கே பருத்தி விளையாது! பெரும்பகுதி அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தி வரத்து நின்றது. மில்கள் மூடின. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். போர் முடிந்தபின் மில்கள் மறுபடி ஓடின. ஆனால், இந்தியாவும் ஜப்பானும் சொந்தமாகத் துணி நெய்யத் தொடங்கியதும், அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1876-லும், கர்நாடிக் மில் 1881-லும் தோன்றின. பிறகு இரண்டும் சேர்ந்து 'பி அண்டு சி மில்' ஆயின. தாத்தா, அப்பா, மகன் என்று குடும்பம் குடும்பமாக அங்கே உழைத்தார்கள். 1996-ல் மில் மூடப்பட்டது. சங்கு ஒலி நின்றது. அதை நம்பிய வீடுகளில் அடுப்பும் அணைந்தது.

"அம்பத்தூரில் ஒரு மில்லா இருக்கிறது? எத்தனையோ பட்டறைகள் இருக்கின்றனவே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அவற்றில் பல பட்டறைகள் மோட்டார் வாகன உதிரி பாகங்களையே செய்கின்றன. 2019-ல் நாடு முழுவதும் வாகன விற்பனை சரிந்தது. உடனே இங்கே ஆர்டர் குறைந்தது. ஷிப்டு குறைந்தது. சம்பளமும் குறைந்தது. பட்டறை நூறு இருந்தும், சரக்கு வாங்குபவர் ஒருவரே என்றால், அதுவும் ஒற்றை மில்தான்!

ஒரே வேலையைச் செய்தால் கை தேறும், செலவும் குறையும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், கார் பாகம் கடையும் லேத்தில் பம்பு பாகமும் கடையலாம். ஆஸ்பத்திரிக் கருவிக்கு வேண்டியதையும் கடையலாம். பட்டறைக்காரர்கள் இரண்டு மூன்று வகைச் சரக்குகளைச் செய்யப் பழக வேண்டும். அதற்கான கடனையும் பயிற்சியையும் அரசு தர வேண்டும்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மகனையும் மகளையும் அங்கே சேருங்கள். ஒரு தொழில் கற்றபின் இன்னொன்றும் கற்கட்டும்.

தனி மரம் தோப்பாகாது. ஒற்றைத் தொழில் ஊரைக் காக்காது!