தௌஃபு பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

“விதையில்லாத் தர்பூசணியைச் சாப்பிடாதீர்கள், அது மரபணு மாற்றப்பட்டது” என்னும் செய்தி புலனக் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. அனுப்பியவர் பெரும்பாலும் நம் சித்தப்பாவாகவோ அத்தையாகவோ இருப்பார். மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கும். உண்மையில் அது கலப்பினப் பழம். நான்கு தொகுதி குரோமோசோம் கொண்ட செடியை இரண்டு தொகுதி கொண்ட செடியோடு கலந்தால் மூன்று தொகுதியோடு ஒரு செடி கிடைக்கும். அதன் பழத்தில் விதை முதிர்வதில்லை. இதில் மரபணு மாற்றத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை.

தர்பூசணிக்கு அஞ்சும் நாம், தௌஃபு, தெம்பே, கிச்சாப் பற்றிக் கேட்பதே இல்லை. இவை எல்லாம் சோயாவில் ஆனவை. மலேசியாவுக்குத் தேவைப்படும் சோயா பெரும்பாலும் இறக்குமதியாகிறது. அமெரிக்காவில் பயிராகும் சோயாவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மரபணு மாற்றப்பட்டது. மாற்றப்படாத சோயாவையும் தனியே பிரித்து விற்கிறார்கள். நம் தட்டுக்கு வந்தது எது என்று நாக்கு சொல்லாது. லேபிள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் இது ஆபத்தான உணவா? அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, விற்பனையில் உள்ள மரபணு மாற்று உணவு மற்ற உணவைவிடக் கூடுதல் ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதை நான் ஏற்கிறேன். ஆனால், ஒவ்வொரு புதிய வகையையும் தனித்தனியாகச் சோதித்தே அனுமதிக்க வேண்டும். 1990-களில் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்பது ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்தது. அது சந்தைக்கு வரவே இல்லை. சோதனை தன் வேலையைச் செய்தது.

கண்காணிப்பு தவறியதும் உண்டு. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் மக்காச்சோளம், 2000-இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற டாக்கோக்களில் கலந்திருந்தது. அதனால் எவருக்கும் ஒவ்வாமை வந்ததாக உறுதியாகவில்லை. ஆயினும் வரக்கூடாத இடத்துக்கு அது வந்துவிட்டது. பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. 1985 உணவு விதிமுறைகளில் 2010-இல் செய்த திருத்தம், மரபணு மாற்று மூலப்பொருளை லேபிளில் குறிப்பிடச் சொல்கிறது. தற்செயலாகக் கலந்த 3 விழுக்காடு வரை விலக்கு உண்டு. நன்கு சுத்திகரித்த எண்ணெய்க்கும் விலக்கு உண்டு. அதில் மாற்றப்பட்ட மரபணுவோ புரதமோ எஞ்சுவதில்லை என்பதால் இதில் எனக்குக் குறையில்லை. சிங்கப்பூரில் விற்பனைக்கு முன் பாதுகாப்பு மதிப்பீடு உண்டு, தனி லேபிள் கட்டாயம் இல்லை.

என் குறை வேறு. காலைச் சந்தையில் வாளித் தண்ணீரில் மிதக்கும் தௌஃபுவுக்கு லேபிளே கிடையாது. பொட்டலத்தில் வருவதிலும் எழுத்து எறும்பைவிடச் சிறியது. வாங்குபவர் கேட்காவிட்டால் விற்பவர் எதற்காகச் சொல்லப் போகிறார்?

பள்ளிப் பயனீட்டாளர் கழகங்கள் சுவரொட்டிப் போட்டியோடு நின்றுவிடுகின்றன. ஒரு கூட்டத்துக்கு ஆளுக்கொரு சோயா பொருளைக் கொண்டு வரச் சொல்லுங்கள். எத்தனை பொட்டலங்களில் அந்தக் குறிப்பு இருக்கிறது என்று எண்ணுங்கள். குறிப்பு இல்லாவிட்டால், உங்கள் சோயா எங்கிருந்து வருகிறது என்று தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடமும் கேட்கலாம்.