வெப்பநிலை மட்டும் போதாது

அறை வெப்பநிலையில் மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள் கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 2023-இல் தென்கொரியாவிலிருந்து வந்த எல்கே-99 அறிவிப்பு உலகெங்கும் பரவியது; மற்ற ஆய்வகங்கள் சோதித்தபோது சில வாரங்களிலேயே பொய்த்துப்போனது. நாளை அப்படியொரு மீக்கடத்தி மெய்யாகவே கிடைத்தாலும், அது பயன்படுமா என்பதை வெப்பநிலை மட்டும் தீர்மானித்துவிடாது. அதனுள் நுழையும் காந்தச் சுழல்கள் நகராமல் நிற்குமா என்பதே தீர்மானிக்கும்.

வலுவான காந்தங்களுக்குப் பயன்படும் மீக்கடத்திகள் காந்தப்புலத்தை முழுவதுமாக வெளியே தள்ளிவிடுவதில்லை. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் புலம் மெல்லிய இழைகளாக உள்ளே புகுகிறது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் சுழல்கிறது; இவையே காந்தச் சுழல்கள். எல்லா இழைகளும் ஒரே அளவு காந்தப் பாயத்தையே தாங்குகின்றன. இதை 1957-இல் கணித்துச் சொன்ன அலெக்சி அப்ரிகோசோவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றையொன்று விலக்கும் இச்சுழல்கள் முக்கோண ஒழுங்கில் அமைவதை, 1967-இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் எஸ்மனும் டிராய்பிளேயும் நுண்ணிய காந்தத் துகள்களைப் படியவைத்துக் காட்டினர். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது சுழல்கள் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. அவை நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாக வீணாகி, மின்தடை திரும்பிவிடுகிறது. எனவே மாசுமறுவற்ற படிகம் இங்கே உதவாது. சுழல்களைப் பிடித்து நிறுத்தக் குறைகள் வேண்டும். நயோபியம்-டைட்டானியம் கம்பியைச் சூடாக்கியும் இழுத்தும் அத்தகைய பிடிப்பிடங்களை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளும், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத் துகள் மோதுவிப்பானின் 1,232 வளைப்புக் காந்தங்களும் இக்கம்பியால்தான் இயங்குகின்றன.

குளிரூட்டும் செலவே பெருந்தடை, வெப்பநிலையை உயர்த்தினால் மற்றவை தாமாக வரும் என்று சிலர் வாதிடலாம். செலவு உண்மைதான். ஆனால் 92 கெல்வினில் மீக்கடத்தியாகும் யிட்ரியம் சேர்மம் 1987-லேயே கிடைத்துவிட்டது. மலிவான திரவ நைட்ரஜன் அதற்குப் போதும். இன்றும் பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகள் திரவ ஹீலியத்தில்தான் இயங்குகின்றன. எளிதில் நொறுங்கும் தன்மையும் உற்பத்திச் செலவும் இதற்குக் காரணங்கள். சுழல்களும் ஒரு காரணம். வெப்பம் கூடக்கூட அவை அதிகம் அதிர்கின்றன. பிஸ்மத் சேர்மங்களில் சுழல் ஒழுங்கே உருகித் திரவம்போல் ஓடத் தொடங்குகிறது. அப்போது பொருள் மீக்கடத்தி நிலையில் இருந்தும் வலுவான காந்தத்துக்கு உதவாமல் போகிறது. யிட்ரியம் நாடாக்களில் பேரியம் சிர்கோனேட் நுண்துகள்களைப் பதித்துச் சுழல்களை நிறுத்தும் முறை, பல ஆண்டுப் பொறுமையான ஆய்வில் உருவானது.

இத்தகைய உழைப்புக்கும் ஆய்வு நிதியில் புதுப்பொருள் தேடலுக்கு நிகரான இடம் வேண்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது வாசகர்கள் வெப்பநிலையோடு நின்றுவிடாமல், எவ்வளவு வலுவான காந்தப்புலத்தில் எவ்வளவு மின்னோட்டத்தை அது தாங்குகிறது என்றும் கேட்க வேண்டும்.